என் மனுசனை மறித்து வைத்திருக்கும் கிருமியைப் பார்க்கப் போனேன்

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கொட்டும் பனிக்குள், ஒரு கிருமியைப் பார்க்கவென்றே ரொறன்ரோவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். நான் ஸ்பொன்சர் செய்த கணவர் இன்னும் யாழ்ப்பாணத்தில். வீசா மெடிக்கலில் காசநோய் என்று மறித்துவிட்டார்கள். மருந்து முடிந்துவிட்டது, சளிச் சோதனையின் முடிவுதான் வரவேண்டும். இதையெல்லாம் எங்கள் சனத்திடம் சொல்ல முடியுமா? கேட்பவர்களுக்கெல்லாம் "பேப்பர் சுணங்குது" என்று சொல்லி வாய் அலுத்துவிட்டது.

டோர்செட் பார்க்கில் பஸ் எடுத்துக் கென்னடி ஸ்டேஷன், அங்கிருந்து சப்வேயில் கடைசி ஸ்டேஷனான கிப்ளிங், பிறகு ரெக்ஸ்டேல் பக்கம் இன்னொரு பஸ். முப்பது கிலோமீற்றர் சொச்சத்துக்கு இரண்டு மணி நேரம்!

பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் ஒற்றை அறைதான் அந்தக் காசநோய்க் கண்காட்சி. அனுமதி இலவசம். சுவரில் ஒரு ஜெர்மன் டொக்டரின் படம். காசநோய், கொலரா என்று எந்த நோய்க்கு எந்தக் கிருமி என்பதைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிய மனிதர். காசநோய்க் கிருமி லேசில் வளராதாம். அவரே வாரக்கணக்கில் காத்திருந்தாராம். அதை வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கும் அதே கதைதான். என் கணவரின் சளியில் ஒன்றும் வளரவில்லை என்று சொல்ல எட்டுக் கிழமை வேண்டும்.

மேசையில் இருந்த நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். நீலத்துக்குள் சிவப்பாகச் சில மெல்லிய கோடுகள். அட, உதுவா எங்களைப் பிரித்து வைத்திருக்கிறது!

திரும்பும்போது பஸ் வரவில்லை, டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் எங்கள் ஆள்.

"உங்கை என்ன தங்கச்சி விசேஷம்?"

"காசநோய்க் கிருமி பாத்தனான் அண்ணை. என்ரை மனுசனுக்கு வந்தது."

எப்படித்தான் வாயில் வந்ததோ! சொன்னதுதான் தாமதம், அவர் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பனிக்காற்று முகத்தில் அடித்தது.

"ஏத்துங்கோ அண்ணை. அவர் யாழ்ப்பாணத்திலை. பக்கத்திலை இருந்து இருமினாரெண்டால் நான் ஏன் இந்தப் பனிக்கை இவ்வளவு தூரம் வாறன்?"

கண்ணாடி ஏறியது.  வீட்டடியில் இறங்கும்போது, "கெதியா வந்திடுவார் தங்கச்சி" என்றார்.

கண்காட்சிக்குப் போகிறவர்கள் மத்தியானத்துக்கு முன் போங்கள், நல்ல பூட்ஸ் போடுங்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால் ஒளிக்காதீர்கள், மருந்து எடுத்தால் மாறிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம், ஆனாலும் நித்திரை கொள்ளாமல் இருந்தார்.

"என்ன, உன்ரை சக்களத்தியைப் பாத்தியோ?"

"ஓம், பாத்தன். என்னிலும் மெலிவு. அவள் விட்டிட்டாளெண்டால் உடனை வாங்கோ."

சிரித்தார். முன்பெல்லாம் சிரித்தால் கூடவே இருமலும் வரும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை.