ராணி நகர்த்தும் பெட்டிகள்

பாரிஸில் என் அறைக்குள் யாரும் வருவதில்லை. ஆனாலும் காலையில் மடிக்கணினியைத் திறந்தால் சாமான்கள் இடம் மாறியிருக்கும். இணையத்தைத் திறந்தவுடன் முதலில் வரும் பக்கத்தைச் சொல்கிறேன். நமக்கு வேண்டியவற்றை நாமே தெரிவுசெய்து, பெட்டி பெட்டியாக அதில் அடுக்கிக்கொள்ளலாம். என் பக்கத்தில் பாரிஸ் மணி, கொழும்பு மணி, இரண்டு ஊர்களின் வானிலை, தமிழ்ச் செய்தி, குறிப்பு எழுத ஒரு மஞ்சள் பெட்டி. நேற்று மூலையில் விட்ட கொழும்பு மணிப் பெட்டி இன்று பக்கத்தின் உச்சியில் நிற்கும்.

நகர்த்துவது என் மனைவி ராணி. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தட்டச்சு செய்கிறாள். தனக்கும் இப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டபோது, புதிதாகத் திறக்கத் தெரியாமல் என் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு வெள்ளவத்தைப் புடவைக்கடைக்கு வேலைக்குப் போனவன் நான். இருவருக்கும் ஒரே பக்கமாகிவிடும், இங்கே செய்வது அங்கேயும் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நாங்கள் அதைத் திருத்தவில்லை. கொட்டாஞ்சேனையில் கதவைத் தட்டாமலே ஆட்கள் உள்ளே வருவார்கள். இங்கே பக்கத்து அறைக்காரரின் முகம்கூடத் தெரியாது. ஒரு பெட்டி நகர்ந்திருந்தால், வீட்டுக்கு ஆள் வந்துபோன மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி ஏழாம் மாதம் புறப்பட்டவன். பதினொரு வருடங்களாகிவிட்டன. தொலைபேசியில் எனக்குப் பேச்சு வராது. "சாப்பிட்டியா?" என்பேன், "ஓம்" என்பாள், பிறகு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். மஞ்சள் பெட்டியில் அப்படியில்லை. "தேங்காய், ரம்பை இலை, லைட் பில்" என்று தனக்காக எழுதிவைப்பாள். உணவகத்தில் பாத்திரம் கழுவப் போகுமுன் அதை வாசித்து, இன்று வீட்டில் என்ன கறி என்று ஊகிப்பேன். ஒருநாள் கொழும்பில் மழை என்று வானிலைப் பெட்டி காட்ட, பதறி அழைத்தேன்.

"ராணி, உடுப்பை எடு, மழை வருது!"

"உங்கட பெட்டிக்கு விசர். இங்க உடுப்பெல்லாம் காஞ்சு அப்பளமாக் கிடக்கு. விட்டா அங்க இருந்தே ஜன்னலும் பூட்டுவீங்க போல!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கடத்தினேன்.

உணவகத்தில் கூட வேலை செய்யும் பெர்னாரிடம் ஒருமுறை, "யாரோ வந்து என் பெட்டிகளை நகர்த்துவார்கள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "வைரஸ்! உடனே கடவுச்சொல்லை மாற்று" என்று பயந்தான். "மா ஃபாம்" என்றேன், என் மனைவி என்று. அவன் இன்னும் பயந்துபோனான். "மனைவியா உளவு பார்க்கிறாள்? இன்றைக்கே மாற்று!" விளக்குவதற்கு என்னிடம் சொல் போதவில்லை.

இந்த வருடம் எனக்கு வதிவிட அனுமதியும் அவளை அழைக்க அனுமதியும் வந்தன. சிறிய வீடு ஒன்றும் பார்த்தேன். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது. மஞ்சள் பெட்டியில் எழுதினேன்: "அனுமதி வந்திட்டுது. வாறியா?"

நான்கு நாட்கள் ஒரு பெட்டியும் அசையவில்லை. ஐந்தாம் நாள் அவளே அழைத்தாள்.

"வாசிச்சன்."

"ம்."

"கோவிக்காதீங்க. இவ்வளவு வருஷமும் இந்தப் பக்கத்திலதான் உங்களோட குடும்பம் நடத்தினன். ஒரே வீட்டில இருந்தா நீங்க என்னோட கதைப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"பாத்தீங்களா," என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "கொஞ்சம் யோசிக்க விடுங்க."

வரமாட்டாள் என்றே நினைத்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. நானே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கும் நேரத்தைக் காட்டும் பெட்டி ஒன்றைத் தேடிப் பக்கத்தில் சேர்த்தேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் பார்த்தபோது, அதை ஒட்டி இன்னொரு புதிய பெட்டி இருந்தது. நாளுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல், உச்சரிப்போடு. அன்றைய சொல் "ஷேஸ்". நாற்காலி.

என் விமானப் பெட்டியை அவள் அழிக்கவில்லை. அவள் பெட்டியை நானும் தொடவில்லை. இதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கவுமில்லை. காலையில் எழுந்து, கொழும்பில் எந்த விமானம் இறங்கியது என்று பார்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் ராணி, கடைக்கு ஆட்கள் வருமுன், மெல்லிய குரலில், நாற்காலியில் தொடங்கிய பிரெஞ்சுச் சொற்களைச் சொல்லிப் பார்ப்பாள்.