கோவளத்தில் ஒரு பகல் தூக்கம்

கோவளம் கடற்கரையில், வாடகைக் குடைக்குக் கீழே என் மனைவி தூங்குகிறாள். சோமனூரில் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரவு பகலாக விசைத்தறி ஓடும். ஓட்டல் அறையின் அமைதியில் ராத்திரியெல்லாம் புரண்டவள், அலைச் சத்தம் கேட்டதும் சாய்ந்துவிட்டாள். சுற்றிலும் வாக்மேன் மாட்டிய வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிறார்கள்.

குடைக்காரருக்கு அவள்மேல் இரக்கம்.

"சாரே, அந்தப் பாறைக்கு அப்புறம் சத்தமே இல்ல. குடையை அங்க மாத்தித் தரட்டா?"

"வேண்டாமுங்க. சத்தம் நின்னா முழிச்சுக்குவாளுங்க."

அவர் நம்பாமல் சிரிக்கிறார். ஒரு பெரிய அலை திரும்பிப் போக, கடல் கொஞ்சம் ஓய்கிறது. அவள் கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

"ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?"

அடுத்த அலை வந்து விழுகிறது.

"வந்துருச்சு அம்மணி. நீ தூங்கு."