ஈரக் கொண்டை

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருக்கும் அகுவாவின் முகத்தில் விழித்துவிட்டு வேலைக்குப் போக எனக்குத் துண்டாய் விருப்பமில்லை. கானா நாட்டு அசாந்திப் பெண். தலைமயிரை ஒட்ட வெட்டி, நெற்றியோரத்தையும் பிடரியோரத்தையும் கரிபூசிக் கறுப்பாக்கியிருப்பாள். எங்கள் ஊரில் ஒருத்தி இப்படி நின்றால் கோயில் நேர்த்தியாக இருக்கும். இல்லையென்றால் வெளியில் சொல்லாத நோய்வருத்தம். இவளுக்கு எது? போதாக்குறைக்கு, விமான நிலையச் சமையலறையில் எங்கள் சனத்தோடு வேலை செய்பவள். அங்கே என்னைப் பற்றி என்ன கதைக்கிறார்களோ என்ற ஐமிச்சம் வேறு.

கதைக்க விஷயமும் இருந்தது. என் மனுசன் ஊரிலிருந்து, சண்டைக்குள்ளால் கிளாலிக் கடல் தாண்டி வவுனியாவுக்கு வருகிறேன் என்று வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு ஒரு தகவலுமில்லை. கொழும்பிலிருக்கும் மச்சாள் தொலைபேசியில், "ஒண்டும் தெரியேல்லையடி" என்பாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கினாலே எதையோ மறைக்கிறாள் என்று தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை தோய்ந்துவிட்டு, பின்வளவில் தலைமயிரை விரித்துக் காயவிட்டு நின்றேன். அகுவா வேலிக்கு மேலால் என்னையே உற்றுப் பார்த்தாள். சற்று நேரத்தில் கறுப்புத் துணி உடுத்து, சோடாப் போத்தல்களோடு வாசலில் நின்றாள். என் கைகளைப் பிடித்து, "சாரி, சிஸ்டர். ஹஸ்பண்ட்?" என்றாள்.

ஊரெல்லாம் அறிந்த சாவை எனக்கு மட்டும் மறைத்துவிட்டார்களா?

"ஆர் சொன்னது? ஹூ டோல்ட் யூ?" என்று கத்தினேன்.

அவள் பயந்துபோய் என் தலையைக் காட்டினாள். "நோபடி. யுவர் ஹேர்."

பிறகு தேத்தண்ணி குடித்தபடி விளங்கப்படுத்தினாள். அவர்கள் ஊரில் ஒருத்தி தலைமயிரைக் கட்டாமல் வாராமல் விட்டால் வீட்டில் சாவு என்று அர்த்தமாம்; அந்த வீட்டுக்குக் கறுப்பு உடுத்து, குடிக்க ஏதும் கொண்டுபோவது வழக்கமாம். அவளுடைய வெட்டு வருத்தமல்ல, மரியாதை. தாய் போனபின் குடும்பத்தில் மூத்த பெண் அவள்தான். ராஜமாதாக்களும் அப்படித்தான் வெட்டுவார்களாம். அட கடவுளே, ஒரு மகாராணியின் முகத்தில் விழிக்கவா இவ்வளவு நாளும் ஒளித்துத் திரிந்தேன்!

ஆனாலும் மனம் ஆறவில்லை. எங்கள் செத்தவீட்டிலும் தலையை விரித்துத்தானே அழுவோம்? அப்பா போன அன்று அம்மா அப்படித்தான் கிடந்தா. நானே வாயால் சொல்லாததை என் தலை சொல்லிவிட்டதோ? "அவர் உயிரோட இருக்கிறார்," என்றேன், தமிழில். அகுவாவுக்கு விளங்கவில்லை. எழும்பி என் பின்னால் வந்து, ஈரத் தலைமயிரை முறுக்கி இறுக்கமாகக் கொண்டை போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் தோய்கிறேன். ஈரத்தோடு கட்டினால் சளி பிடிக்கும் என்று அம்மா பார்த்தால் ஏசுவா. ஆனாலும் பின்கதவைத் திறக்குமுன் கொண்டையை இறுக்கிவிடுகிறேன். உடுப்புக் காயப்போடும்போது தண்ணி முதுகால் வடிகிறது. அகுவா வேலிக்கு மேலால் என் தலையைப் பார்க்கிறாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கையசைக்கிறாள்.