யாரும் செய்யாத விபத்து

நேற்று உலு திராம் கிளினிக்கில் மகளின் கைக்கட்டைப் பிரித்தபோது, மருந்து நெடியோடு ரப்பர் கையுறை வாசமும் வந்தது. பயிற்சிக்குப் போன தொழிற்சாலையில் இயந்திரம் கடித்த இரண்டு விரல்கள். பார்க்கத் துணிவில்லாமல் சுவர் நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசம் எனக்குப் பழக்கம். இருபது வயதில் குளுவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதும் ஆளாக இருந்தேன். யாருக்காவது அடிபட்டால் மலாயில் அறிக்கை எழுதுவது என் வேலை. அடிபட்டவரைப் போய்க் கேட்பதில்லை. பழைய கோப்பை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றுவேன். ‘வேலையின்போது கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது.’ சுத்தமான மலாய் என்று மேனேஜர் மெச்சுவார். அந்தப் பெருமையில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதாக நினைப்பு. வளரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே இயந்திரம் ஓட்டிய லெட்சுமி அக்காவின் வலது கை அதில் மாட்டியபோதும் அப்படித்தான் எழுதினேன். வேகமாக ஓட்டுவதற்காக இயந்திரத்தின் மூடியைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். என் வாக்கியத்தில் அவர் இல்லை. வாக்கியத்தில் ஆள் இல்லாவிட்டால், படிப்பவர்கள் தாமாக ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். அக்காவை வைத்தார்கள்.

இடது கையால் கைநாட்டு வைக்க வந்தவர் கேட்டார்.

“என்னா தம்பி எழுதிருக்க?”

“வழக்கமா எழுதறதுதான்க்கா.”

“நீ எழுதினா சரியாத்தான்லா இருக்கும்.”

அடுத்த மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

கிளினிக் வாசலில் மகள் கைப்பேசியை நீட்டினாள். தொழிற்சாலை அனுப்பிய அறிக்கை, அவள் ஒப்புதலுக்காக. இரண்டு முறை படித்தேன். பெயரும் தேதியும் தவிர, என் வாக்கியமேதான்.

“சைன் பண்ணிடவாப்பா? இல்லன்னா டிரைனிங் பாஸ் ஆகாதாம்.”

“மூடி எப்படிப் போச்சு?”

“சூப்பர்வைசர் கழட்டச் சொன்னாரு. நான்தான் கழட்டினேன்.”

“அத அப்படியே எழுது.”

“பயமா இருக்குப்பா.”

“எனக்கும்தான்லா.”

இடது கையின் ஒற்றை விரலால் மெல்லத் தட்டி அனுப்பினாள். இன்னும் பதில் இல்லை. அவள் கைப்பேசி அதிரும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்க்கிறேன்.

குளுவாங் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். நான் அடுக்கிவைத்த கோப்புகள் எங்கே போயினவோ. லெட்சுமி அக்கா சிகாமட் பக்கம் போனதாகச் சொன்னார்கள். இன்று காலை நாலு பேரிடம் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. என்ன நடந்தது என்று அவரிடம் ஒருமுறை கேட்டு எழுதலாம் என்றால், கேட்க ஆளில்லை.