தேதி இல்லாதவர்கள்

மேடம் முதல்முறை என் மேஜைக்கு வந்தபோது அவர் கையில் நான் எழுதிய புரோகிராமின் அச்சுப்பிரதி இருந்தது. கனமான கட்டு. ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள். எங்கள் கணினிப் பிரிவுக்குத் தலைவராக அவர் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இருபது வருடங்களாக யாரும் படிக்காத ஒன்றை ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மூத்த புரோகிராமர் என்ற பதவியோடு ஓய்வு பெறுவேன் என்று தெரிந்துபோன காலம் அது.

அந்தப் புரோகிராம் செய்த வேலை இதுதான். எங்கள் நிறுவனத்துக்கு நகரத்துக்குள் ஊழியர் குவார்ட்டர்ஸ் உண்டு. வீடுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். வேலையில் சேர்ந்த தேதியை வைத்து, முதலில் சேர்ந்தவர் முதலில் என்று வரிசைப் பட்டியல் போட வேண்டும். முன்பெல்லாம் அதைக் கையால் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் பட்டியல் வந்தவுடன் யாருக்கு யார் சிபாரிசு என்ற பேச்சும் கூடவே வரும். நான் ஜாவா மொழியில் அதை எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. 'மனிதக் கை படாத பட்டியல்' என்று நானே அதற்குப் பெயர் வைத்து, காண்டீனில், லிஃப்டில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடம் கோட்லின் என்ற மொழியைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஜாவாவுக்குப் பின்னால் வந்த மொழி அது. ஜாவா ஓடும் இடத்திலேயே அதுவும் ஓடும் என்று படித்திருந்தேன். என் காதில் விழுந்ததோ, உங்கள் வேலை முடிந்தது என்பதுதான்.

"அப்ப என்னோடதைத் தூக்கிப் போட்டுருவீங்களா, மேடம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார் தூக்கிப் போடணும்? ஓடற வரைக்கும் அது ஓடட்டும். புதுசா எழுதறதை இதுல எழுதுவோம். பழசுல எதையாவது தொட வேண்டி வந்தா, தொடற ஃபைலை மட்டும் மாத்துவோம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துட்டுப் போகட்டும். ஜல்தி ஒண்ணும் இல்ல, மெதுவா பண்ணலாம்."

அவர் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், தெருவில் இந்தி. தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். யோசிக்கும்போது இந்தியில் 'மத்லப்' என்று சொல்லி நிறுத்துவார். அடுத்த வார்த்தை எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. நான் சாத்தூர்க்காரன், முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் இந்தியில் இலக்கணப் பிழை இல்லாமல் நான்கு வாக்கியம் பேச வராதவன். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. காலையில் ஒரு ஃபைலை எடுப்போம். நான் அது என்ன செய்கிறது என்று சொல்வேன், அவர் அதைப் புது மொழியில் எழுதுவார். மாலையில் பழையதையும் புதியதையும் ஒரே விவரங்களை வைத்து ஓட்டி, இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று பார்ப்போம். அவர் யாரையும் பாராட்டியதில்லை, குறை சொன்னதும் இல்லை. சரியாக வந்தால் "அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் திறப்பார். இரண்டு மாதத்தில் எனக்கு அந்த மொழி பிடிபட்டது. பிடித்தும் போனது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மொழியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விவரம் காலியாக இருக்கலாம் என்றால் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். போட்டுவிட்டால், காலியாக வரும்போது என்ன செய்வது என்று எழுதாமல் மேலே போக விடாது. போடாமல் விட்டால், காலியாக ஒன்று வந்த இடத்திலேயே புரோகிராம் நின்றுவிடும். விண்ணப்பதாரரின் விவரங்கள் உள்ள ஃபைலை மாற்றிக்கொண்டிருந்த அன்று மேடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தொலைபேசி எண் காலியா இருக்குமா? இருக்கலாம். பிள்ளைகள் எண்ணிக்கை? இருக்கலாம். "சேர்ந்த தேதி?"

"அது எப்படி மேடம் இல்லாம இருக்கும்? தேதி இல்லாம ஒருத்தர் எப்படி வேலையில சேர முடியும்?"

கேள்விக்குறி போடாமல் எழுதினார். மாலையில் ஓட்டியபோது புது புரோகிராம் பாதியில் நின்றது. ஒரு பெயருக்கு நேரே தேதி இல்லை. அதை ஒதுக்கிவிட்டு ஓட்டினோம். இன்னொரு பெயரில் நின்றது. இப்படியே போய், கடைசியில் பதினான்கு பேர். ஆனால் அதே விவரங்களை வைத்து என் ஜாவா புரோகிராம் ஒரு தடங்கலும் இல்லாமல் முழுப் பட்டியலையும் கொடுத்தது. தேதியே இல்லாதவர்களை அது எந்த இடத்தில் வைத்தது என்று மேடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஃபைலைத் திறந்து தேடினோம். நானே எழுதிய ஒரு வரி, மேலே 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்போடு இருந்தது. தேதி காலியாக இருந்தால் இன்றைய தேதியை வைத்துக்கொள் என்று அது சொன்னது.

எழுதியது நினைவுக்கு வந்தது. முதல் பட்டியல் வெளிவர வேண்டிய வாரம், புரோகிராம் இதே இடத்தில்தான் முட்டி நின்றது. சில ஊழியர்களின் பணிப் பதிவேடு வேறு பிரிவில் இருக்கிறது, தேதியைப் பிறகு தருகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் என்று அந்த வரியை எழுதினேன். அவர்கள் தரவில்லை, நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பட்டியலிலும் அந்தப் பதினான்கு பேரும் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவர்களாக வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

மேடம் பெயர்களை அச்சடித்தார். பெரும்பாலும் பெண்கள். பணியில் இருக்கும்போது கணவர் இறந்து, கருணை அடிப்படையில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பதிவேடுகள்தான் வேறு பிரிவில் இருந்தன. ஆறாவது பெயர் எனக்குத் தெரிந்த பெயர். தபால் பிரிவில் இருந்த பெண்மணி. இறந்துபோன கணவர் எங்கள் அலுவலக டிரைவர். அந்தப் பெண்மணி டெல்லிக்கு வெளியே சோனிபத்திலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் வந்து போவார். ஒவ்வொரு வருடமும் பட்டியல் ஒட்டிய மறுநாள் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, இந்த வருஷமும் என் நம்பர் வரலையே" என்று இந்தியில் கேட்பார். இது மெஷின் போடும் பட்டியல், இதில் யார் கையும் கிடையாது என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்லி அனுப்பினேன். ஒருமுறை சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் வந்து கேட்டார்.

நான்தான் முதலில் பேசினேன். பதிவேடுகளை வரவழைத்துத் தேதிகளை ஏற்றிவிட்டால் அடுத்த பட்டியல் தானாகவே சரியாகிவிடும் என்றேன்.

"ஆகிடும் சார். போன வருஷங்களுக்கு என்ன பண்றது?"

"அதை யாரும் கேக்கப் போறதில்ல, மேடம்."

"அவங்களுக்குத் தெரியாது, அதனால கேக்க மாட்டாங்க. நமக்குத் தெரியுமே."

குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. திரையில் ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். 'பழைய புரோகிராமில் ஏற்பட்ட பிழையால்' என்று முதல் வாக்கியம் தொடங்கியது. அதில் யார் பெயரும் இல்லை. கீழே பிரிவுத் தலைவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நான் அன்று வீட்டுக்குப் போய்விட்டேன். மயூர் விஹார் வரை மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். மறுநாள் காலை, பிழை என்னுடையது, குறிப்பில் என் பெயர் வர வேண்டும் என்றேன்.

"தேவையில்ல சார். யூனிட் பொறுப்பு என்னுது."

"அந்த வரியை எழுதும்போது நீங்க இங்க இல்லையே, மேடம்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். நானே என் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

மேலே இருந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு பிடிக்கவில்லை. தவறு நடந்ததைவிட அதை எழுத்தில் வைத்ததுதான் அவர்களுக்குச் சங்கடம். விளக்கம் கேட்டு எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. என் கோப்பில் ஒரு கண்டனம் ஏறியது. ஓய்வு பெறப் போகிறவனுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மேடத்துக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆனால் எழுத்தில் இருந்த ஒன்றை யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் பதினான்கு பேரில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர்களுக்கு வரிசையில் உரிய இடம் கிடைத்து, வீடுகள் காலியாகக் காலியாக ஒதுக்கப்பட்டன.

தபால் பிரிவுப் பெண்மணிக்கு உத்தரவு வந்தபோது அவருக்கு வேலையில் இன்னும் மூன்று வருடம்தான் இருந்தது. என் மேஜைக்கு வந்தார். மெஷின் தப்புப் பண்ணிவிட்டது என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். மெஷின் இல்லை, நான்தான் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். "அச்சா" என்றார். உத்தரவுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீடு தரைத்தளமா என்று விசாரித்தார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது என்றார். இரண்டாவது மாடி என்று சொன்னேன். ஸ்டேஷன் படிக்கட்டை விட இது குறைவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என் மேஜைக்கு வரவில்லை. வருவதற்குக் காரணமும் இருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் பிரிவில் சமோசாவும் டீயும் வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு மேடத்திடம் ஒன்று கேட்டேன். அந்த வரியைக் கண்டுபிடித்த பிறகாவது என் புரோகிராம் முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

"மத்த வரியெல்லாம் சரியாத்தானே சார் இருக்கு. படிச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது என்று நினைக்கிறேன். பாராட்டாக அவர் அதைச் சொன்னாரா என்பது தெரியாது.

இப்போது அவர் குவாஹாத்தியில் இருக்கிறார். புது மொழியில் எழுதிய பகுதிகள் பாதிக்கு மேல் வந்துவிட்டன, மீதி என் ஜாவாவிலேயே ஓடுகிறது என்று பிரிவில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். பொங்கலுக்கு நான் மேடத்தைத் தொலைபேசியில் அழைப்பேன். குளிர் எப்படி, பையன் எந்த வகுப்பு என்று ஐந்து நிமிடம் பேசுவோம். தள்ளிப்போன அந்தப் பதவி உயர்வைப் பற்றி அவர் ஒரு முறைகூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துகிறேன்.