ஸ்டேஷன் இல்லாத ஊர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். சிலது மறந்தும் போயிற்று. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எங்கள் தெருவில் ரைஸ்மில்காரர் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஒரு இங்கிலீஷ் தொடர் வரும். ஓர் உளவாளி ரயிலில் வந்து ஒரு ஊரில் இறங்குவான். திரும்பிப் பார்த்தால் ஸ்டேஷனே இருக்காது. அந்த ஊரில் எல்லோரும் கொளுத்தும் வெயிலில் மழைக்குப் பிடிப்பதுபோல் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். போஸ்டாபீசுக்குள் ஒரு குதிரை நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவன் வாராவாரம் அந்த ஸ்டேஷனைத் தேடுவான். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கூடம் நிறைய உட்கார்ந்து பார்ப்போம்.

பெரியப்பா மகளுக்கு மட்டும் புரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா எட்டாவது வரை போனவள். மறுநாள் மில் தாழ்வாரத்தில் விதை வேர்க்கடலை உரிக்க உட்காரும்போது அவள்தான் கதை சொல்வாள். உரித்ததை அளந்துதான் கூலி கொடுப்பார்கள். கதை சொல்கிறவளுக்குக் கை நின்றுபோகும் அல்லவா, அதனால் ஆளுக்கு ஒரு கைப்பிடி பருப்பை அவள் கூடையில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். கதை பிடித்திருந்தால் கைப்பிடி கொஞ்சம் பெரிதாகும். என் அம்மா மட்டும் இரண்டு கையாலும் அள்ளிப் போடுவாள்.

அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நானும் அதே படத்தை அதே கூடத்தில் பார்த்தவள்தானே. எந்தக் கதவு, எந்தச் சந்து, எந்தக் குடைக்காரி, எல்லாம் மனதில் அப்படியே இருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அம்மாவிடம் மட்டும் மெதுவாக, "நானும் சொல்றேம்மா" என்றேன்.

"நீ பருப்ப ஒடைக்காம உரி, போதும். அவ சொன்னா கண்ணு முன்னால நடக்கற மாதிரி கீது" என்றாள் அம்மா.

கடைசி வாரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு ரயில் வந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்தான். அதோடு படம் முடிந்துவிட்டது. ஆனால் அக்கா மறுநாள், அவன் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தான், முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தான் என்றாள். தாழ்வாரமே சிரித்தது. அவள் கூடை நிரம்பிவிட்டது.

அடுத்த வருஷம் கடலை உரிக்கிற காலத்தில் அதே தொடரை முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். மறுபடி பார்த்தோம், அக்காவும் மறுபடி சொன்னாள். ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை. இனிமேல் கைப்பிடிகள் சிறுத்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சிறுக்கவில்லை.

கடைசிக் கதையை அவள் மாற்றிச் சொன்னாள். அவன் படியில் வைத்த காலை எடுத்துவிட்டானாம். ரயில் போய்விட்டதாம். அவன் திரும்பி ஊருக்குள் நடந்துபோய் ஒரு குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டானாம்.

அதுவரை வராத நாக்கு எனக்கு அப்போது வந்துவிட்டது. "போன வருசம் வூட்டுக்குப் போய்ட்டான்னு சொன்னியேக்கா. அதே படந்தானே இது. கால வெச்சதோட முடிஞ்சிடுச்சி. மீதிய நீயா சொல்லிக்கிற. உனுக்கு இங்கிலீஷே தெரியாது."

அத்தை உரிப்பதை நிறுத்தினாள். "அட ஊமச்சி, இத்தினி நாளா இந்த வாய எங்கடி வெச்சிக்கினு இருந்த?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "போன தபா எனுக்கே சரியாப் புரியல. ரெண்டாவது தபா பாக்கச்சொல்லதான் தெரிஞ்சிது. அவன் போவமாட்டான்" என்றாள்.

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அக்காவைப் பெற்ற பெரியம்மா தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனாள். அத்தை ஒரு கை போட்டாள். என் அம்மா கையால் அள்ளவில்லை. தன் முறத்தையே தூக்கி அக்காவின் கூடையில் கவிழ்த்துவிட்டாள். காலையிலிருந்து அவளும் நானும் உரித்தது அத்தனையும் அதில் இருந்தது.

தப்பைச் சொல்லிக் காட்டியவள் நான், முறம் முழுக்க அவளுக்கா என்று எனக்கு ஆறவே இல்லை. அம்மாவோடு பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அக்காவை மானாம்பதியில், பெண்சாதியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். தாழ்வாரத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அவள் உளவாளியைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்தில் அவளுக்கு எடுத்த புடவையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

தொடரின் பெயர், எந்த வருஷம், குதிரை நின்றது போஸ்டாபீசில்தானா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அம்மா முறத்தைக் கவிழ்த்ததை மட்டும் சரிபார்க்க வேண்டாம். எனக்கு அவள் ஒரு கைப்பிடிகூடப் போட்டதில்லை.