அஞ்சலை அக்காவுடன் மலை ஏறிய ஞாயிறு

"இறங்கிடலாம் அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லவில்லை. வியாழன் காலை அவருடைய தம்பி போன் செய்தார். "அக்கா பூடுச்சுங்க. கிட்னி ரெண்டும் நின்னுபோச்சாம்." வெயில் தாங்காமல் போய்விட்டார் என்று, மைதானத்தில் எங்களுடன் பயிற்சி எடுத்த உங்களில் பலர் பேசிக்கொள்கிறீர்கள். கடைசியாக அவருடன் நடந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

வனக்காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் இருவரும் தேறி, நடைத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். வயது வரம்பின்படி அஞ்சலை அக்காவுக்கு இது கடைசி வாய்ப்பு. விடியலில் சங்கராபுரம் மைதானத்தில் நடப்பார். பிறகு பொழுது சாயும்வரை மணலூர்பேட்டைப் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டுவார். உழைத்த பின் எடுக்கும் ஓய்வில்தான் உடம்பு பலப்படும் என்று ஒருமுறை சொன்னேன். "எங்க மேஸ்திரிகிட்ட வந்து சொல்லு பாப்பா. லீவு வுடட்டும்" என்றார்.

நடக்கும்போது தண்ணீர் குடிக்க மாட்டார், வயிறு குலுங்கும் என்பார். தோள்பையில் மணலை நிரப்பிச் சுமப்பார். "பரிச்சை அன்னிக்கு இத்த எறக்கி வெச்சேன்னு வெச்சிக்கோ, பறந்துடுவேன்." என் நடையைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா பாப்பா, கல்யாணப் பொண்ணு மணவறை சுத்தறாப்ல வர்ற? புக்கு தூக்கித் தூக்கி உனக்குக் கைதான் தேறிக்கீது."

அது உண்மைதான். தனியாக நடந்த எந்த நாளும் குறித்த நேரத்துக்குள் நான் முடித்ததில்லை. அவர் முன்னால் போனால் முடித்தேன்.

அந்த வாரம் ஆறு நாளும் கரும்பு வெட்டிவிட்டு, ஞாயிறன்று வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் என்னுடன் நடக்க வந்தார். மூன்றாவது வளைவில் புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்பியவர், "மூத்திரம் டிகாஷன் கணக்கா போவுது. தொடை ரெண்டும் கட்டையாட்டம் கீது. சூடு ஜாஸ்தி போல" என்றார்.

அளவு மீறி உழைத்தால் தசை நைந்து இரத்தத்தில் கலக்கும், சிறுநீர் இப்படிக் கறுக்கும், சிறுநீரகம் பழுதாகும் என்று படித்திருந்தேன். அந்த இடத்திலேயே அது நினைவுக்கு வந்தது. சொன்னால் அவர் நின்றுவிடுவார். தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது.

"சூடுதான் அக்கா. போலாமா?" என்றேன்.

"வா வா. நீ தேறலன்னா எம் மானம் பூடும்" என்று பையை மாட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு மணி நேரம் ஏறினோம். அவர் ஒருமுறைகூட நிற்கவில்லை. மறுநாள் கரும்பு வெட்டப் போய், மதியம் வயலில் விழுந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வேகம் மட்டுமே. குதிகாலை அழுத்தி ஊன்றி, பேச்சு நிற்காமல் அவர் போகும் வேகம்.

தேர்வு குறித்த நாளில் நடந்தது. நேரம் மீதமிருக்க முடித்தேன். பிறகு வந்த பட்டியலில் எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. என் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்றும், அவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்றும் அச்சிட்டிருந்தார்கள்.